சாய்ந்த கழுத்து

அவளுக்கு எங்களில் ஒருவர் பெயரும் தெரியாது. தோள்கள் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம், வண்டிகளுக்கான பித்தளை உதிரிகள் செய்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். டெஸ்பாட்ச் பிரிவு. வெளியே போகிற பெட்டிகளில் சீட்டு ஒட்டுகிறவள். பெட்டி போகலாம், பித்தளை போகக் கூடாது என்பதற்காகப் பெண்களுக்கான வாசலில் ஒரு பிளைவுட் தடுப்பு வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு திரை, முன்பு யாருடைய போர்வையாகவோ இருந்தது. ஷிப்ட் முடிந்த பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே சேலைக்கு மேல் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றவளைத்தான் செக்யூரிட்டியக்கா என்போம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம். அவள் பெயரை நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

அவள் வைத்த பெயர்கள் வேறு. "ஏ இஸ்திரி போட்டவளே, நில்லு." "ஒத்தக் காலு, நீ போ." நான் கோணத்தோளு மேடம். அவள் முதலில் அப்படிக் கூப்பிட்ட அன்று வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். என் இடது தோள் இரண்டு விரல் அளவு இறங்கித்தான் இருந்தது. இருபது வருடமாக ஒரே பக்கம் பையை மாட்டி, ஒரே பக்கம் பிள்ளையைத் தூக்கி, ரயிலில் ஒரே பக்கம் சாய்ந்து, உடம்பு எனக்குத் தெரியாமல் எழுதி வைத்திருந்ததை அவள் படித்துவிட்டாள்.

திரைக்குப் பின்னால் அவள் யாரையும் தொட மாட்டாள். ஒர்க்‌ஷாப் கதவிலிருந்து வாசல் வரை நாங்கள் நடந்து வருகிற அந்தக் கொஞ்ச தூரத்திலேயே அவளுடைய சோதனை முடிந்திருக்கும். "உள்ள போயி ரெண்டு மூச்சு உட்டுட்டு வா. கேமராவுக்கு."

ஒருமுறை கேட்டேன், "தொடாமலே எப்படிக்கா தெரியுது?"

"கனம் தூக்கினு போறவளுக்குத் தோளு எறங்கும். திருடினு போறவளுக்கு ஏறும்."

"அது ஏன் ஏறுது?"

"கனமே இல்லாத மாரி காட்டணும் இல்ல?" என்று சொல்லிவிட்டு என் பையைக் கண்ணால் ஒரு தட்டுத் தட்டினாள். "உன்னுதுல கீறது கனம் இல்ல. கொடையும் கவலையும்."

அவள் சொன்னதற்கு நானே சாட்சி. பிரஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். அக்கா அவளைத் தடுத்தாள்.

"இன்னாம்மே, டிபன் டப்பா கனமாக் கீதா?"

"இல்லக்கா. காலிதான்."

"காலி டப்பாவுக்கா தோள காதாண்ட வரைக்கும் தூக்கினு வர்ற? போ. கை கழுவிகினு வா. டப்பாவையும் நல்லாக் கழுவிடு."

அந்தப் பெண்ணின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. திரும்பிப் போனாள். வந்தபோது தோள்கள் அவற்றின் இடத்தில் இருந்தன. "இப்ப போ," என்றாள் அக்கா. ரிப்போர்ட் இல்லை, சத்தம் இல்லை. அந்தப் பெண் இன்னும் எங்களிடம்தான் வேலை செய்கிறாள். அந்த வாசலில் எத்தனை பேர் இப்படிக் கை கழுவித் திரும்பினார்களோ, அக்காவுக்குத்தான் தெரியும்.

நானும் ஒருநாள் அகப்பட்டேன். பித்தளையோடு அல்ல. வீட்டில் எனக்கும் கணவருக்கும் பேச்சு நின்று நாலாவது நாள். திருமுல்லைவாயலில் எங்கள் ஃபிளாட் இரண்டு படுக்கையறை; பேசாமல் இருப்பதற்கு அது மிகச் சிறிய இடம். ஒருவர் மௌனத்தில் இன்னொருவர் இடித்துக்கொண்டே திரிய வேண்டும். வாசலில் அவள் என்னை நிறுத்தினாள்.

"ஊட்ல பேச்சு இல்லியா?"

"யாருக்கா சொன்னா?"

"உன் கழுத்து நரம்பு ரெண்டும் கொடிக்கம்பி மாரி நிக்கிது. வார்த்தைய தொண்டைல வெச்சுகினு நடக்கற. துப்பிடு, இல்லாங்காட்டி முழுங்கிடு. நடுவுல வெச்சுக்காத."

அன்று வீட்டுக்குப் போய்த் துப்பிவிட்டேன். பெரிய சண்டையாகி, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடிந்தும்விட்டது.

அவளுக்குச் சில அடாவடிகள் உண்டு. முதுகுப்பக்கம் நின்று பேசினால் பதிலே வராது. "மூஞ்சிய காட்டிப் பேசு. முதுவாண்ட பேசறது இன்னா பழக்கம்?" என்பாள் பிற்பாடு. கம்பெனி கொடுத்த வாக்கிடாக்கியை ஆணியில் தொங்கவிட்டிருப்பாள்: "அது கரகரன்னு உசிர வாங்குது." கைப்பேசி அடித்தால் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டுவாள்: "நீ பேசு. எனக்கு சிக்னல் ஆவாது." லாரி பின்வாங்கும்போது இரும்புக் கேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நிற்பாள். சொந்த மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் இருக்கும். திமிர் என்றார்கள் சிலர். ராணி என்றார்கள் சிலர். நாங்கள் இத்தனை பேர், தினம் இரண்டு வேளை அவளைக் கடந்தோம். பித்தளையை இடிக்கிற பிரஸ் மெஷின்கள் ஓடுகிற இடத்தில் பல வருடம் நின்றுவிட்டு வாசலுக்கு வந்தவள் என்பதும் எங்களுக்குத் தெரியும். இத்தனையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் நான் அப்போது பார்ப்பதைத் தொழிலாக்கிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தாறு வயதில் என் கைக்கு ஏதோ வேண்டியிருந்தது. சீட்டு ஒட்டிச் சீட்டு ஒட்டி விரல்நுனிகள் மழுங்கிவிட்டதாக ஒரு பயம். பூந்தமல்லி சாலையில் சட்டிபானை விற்கிறவரிடம் ஒரு பை களிமண் வாங்கினேன். வாஷிங் மெஷினின் மூடிதான் மேசை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களாகச் செய்தேன். தண்ணீர்க்குடம் வைத்தவள், பூத்தொடுப்பவள், கைகட்டி நிற்பவள். கண் மூக்கு எல்லாம் சரியாக வந்தது. உயிர்தான் வரவில்லை. ஒவ்வொருத்தியும் கம்பம் நட்டாற்போல் நின்றாள். கணவர் எட்டிப்பார்த்து, "எல்லாரும் ஆவடி பஸ்ஸுக்கு நிக்கறாங்களா?" என்றார். சிரித்தேன். மனசுக்குள் சிரிக்கவில்லை.

பிறகு அந்த மழைச் சாயங்காலம். வாசலில் தண்ணீர் கட்டிக்கொண்டு யாரும் வெளியே போக முடியவில்லை. தகரக் கொட்டகையின் கீழ் ஒண்டியிருந்தோம். பேக்கிங்கில் ஒரு பெண், நிச்சயமான கல்யாணம் நின்றுபோனதை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மழை தகரத்தை அடிக்கிறது. அவளுக்கோ குரலே எழவில்லை. அக்கா கழுத்தைச் சாய்த்தாள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று விடியற்காலையில் குடத்தோடு குனிகிறவளைப் போல, எங்கோ தொலைவில், மண்ணுக்கடியில் கிளம்பிவிட்ட ஒன்றுக்காக. தோள் முன்னால் வந்தது, இடுப்பு பின்னால் போனது, ஒரு பாதத்தின் குதிகால் தரையைவிட்டு எழும்பியது, முழு உடம்பும் ஒரு காதாக மாறியது. அவள் கண்கள் அந்தப் பெண்ணின் உதட்டிலேயே இருந்தன.

என் மண் பெண்களிடம் இல்லாதது இதுதான். அவர்கள் யாருக்காகவும் சாயவில்லை.

கூச்சமாக இருக்கிறது சொல்ல, அந்தப் பெண்ணின் துக்கம் என் காதில் விழவே இல்லை. நான் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தவள் மத்தியானம் சாப்பிட எழவில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் போய் என் கழுத்தையே அவளைப் போல் சாய்த்துப் பார்ப்பேன், எந்த நரம்பு இழுக்கிறது, எந்தத் தோள் முன்னே வருகிறது என்று. ஓடி வந்து மண்ணில் வைப்பேன். ஒரு முழம் உயரப் பெண். நீலச் சட்டைகூட வைக்கவில்லை. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் வந்து பார்த்தார், திரும்பிப் போய் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

எஸ்டேட்டில் ஆயுதபூஜை என்றால் ஊர்த் திருவிழா. மெஷின்களுக்குச் சந்தனம், வாழைக்கன்று. வீட்டுக்காரர்களை அழைத்து வந்து "இதுதான் என் மெஷின்" என்று காட்டுவோம். அந்த வருடம் ஊழியர்கள் கைவேலைக்கென்று வரவேற்பறையில் ஒரு மேசை போட்டார்கள். ஸ்வெட்டர், பாசிமணி, தஞ்சாவூர்ப் படம். நடுவில் என் மண் பெண். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அக்காவிடம் கேட்கவில்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பார்த்தவுடன் பெண்கள் கூவினார்கள். "ஐயே, நம்ம செக்யூரிட்டியக்கா!" "அதே கழுத்துடி!" பிரஸ் பிரிவுப் பெண் ஒருத்தி வாய்நிறையப் பொரியோடு சொன்னாள்: "ஒட்டுக் கேக்கற மாரியே கீது பாரேன்."

எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் இளைஞர். மரியாதையானவர். அவர் சிரிக்காமல் பொம்மையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"மேடம், இவங்களுக்குக் காது கேக்காதா?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்த நொடி வரை தெரியாது. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் வாக்கிடாக்கி, கைப்பேசி, கேட்டின் மேல் உள்ளங்கை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன.

"சும்மா ஒரு டெஸ்ட்," என்று வெளியே போனார். நாங்கள் பின்னால் போனோம், வேடிக்கைக்கு.

அக்கா வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி, இரும்புக் கேட்டில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள். தலையில் பூ. நீலச் சட்டைக்குள் புதுச்சேலை. மேனேஜர் நாலு அடி தள்ளி நின்று, "அக்கா, ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டீங்களா?" என்றார்.

அவள் முடிச்சுப் போட்டாள்.

"அக்கா." கொஞ்சம் சத்தமாக. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் அடுத்த இலையை எடுத்தாள்.

மூன்றாவது முறை அவர் கையைத் தட்டினார். காகம் ஒன்று மதிலிலிருந்து எழும்பிப் போனது. அவள் இலையின் காம்பை நூலுக்குள் கோத்தாள், நிதானமாக, ஏதோ முணுமுணுத்தபடி. சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

காகத்தைப் பார்த்துத்தான் திரும்பினாள். எங்கள் முகங்களை அவள் பார்க்கவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்கள் தோள்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்ததும் நின்றாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். குரலில் உண்மையான வியப்பு. "சூப்பர் அப்சர்வேஷன் மேடம். இத்தன வருஷமா யாருக்கும் தெரியல. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

இங்கேதான் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு ஒன்றும் தெரியாது, அது வெறும் சாய்வு, மழைச் சத்தத்தில் யாரும் அப்படித்தான் சாய்வார்கள். அந்த ஒரு வார்த்தையால் அவள் வேலை தப்பியிருக்குமோ என்னவோ. நான் சொன்னது இது:

"பாத்துக்கிட்டே இருந்தா தெரியும் சார்."

சொல்லும்போது என் வாய் அவளுக்கு நேராக இருந்தது.

பூஜை விடுமுறை முடிந்து போனபோது வாசலில் ஒரு சின்னப் பெண் கையில் சோதனைக் கருவியோடு நின்றாள். அது எல்லோரையும் தொட்டது, எல்லோரிடமும் கத்தியது, கொலுசுக்கும் தாலிக்கும்கூட. நான் மேனேஜரிடம் போனேன். அவர் நாற்காலியைக் காட்டினார். "லாரி ரிவர்ஸ் எடுக்கற எடம் மேடம். ஹாரன் கேக்காத ஒருத்தர அங்க நிறுத்தி நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? செக்யூரிட்டி ஏஜென்சில வேற எடம் பாக்கச் சொல்லியிருக்கேன்." நியாயம்தான். அந்த நியாயத்தை இன்றுவரை என்னால் மறுக்க முடியவில்லை. "அவங்களுக்குக் கேக்காதுன்னு எனக்கு உறுதியாத் தெரியாது சார்," என்று மென்றேன். "நீங்கதானே மேடம் சொன்னீங்க?" என்றார், அதே மரியாதையோடு.

ஏஜென்சி வேறு இடம் பார்க்கவில்லை. மண்ணூர்பேட்டையில் அவள் வீடு எது என்று பேக்கிங் பெண்தான் சொன்னாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பொம்மையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். எதற்குக் கொண்டுபோனேன்? கொடுப்பதற்கு. மன்னிப்புக் கேட்கிறவர்கள் கையை வீசிக்கொண்டு போக முடியாது என்பதற்கு. சந்தின் கடைசியில் ஒற்றை அறை. வாசலில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"வா, கோணத்தோளு. இன்னாத்த தூக்கினு வர்ற?"

துண்டைப் பிரித்து வைத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பொம்மையைத் தூக்கிப் பிடித்து, குதிகாலிலிருந்து தலைவரை பார்த்தாள். வாசலில் எங்களைப் பார்க்கிற அதே பார்வை. எனக்கு, இந்த நிலையிலும், அவள் என்ன சொல்வாள் என்று தெரிய வேண்டியிருந்தது.

"நல்லாத்தான் பண்ணிக்கீற," என்றாள். பிறகு, "காதுதான் தப்பு."

"என்னக்கா?"

"எனக்குக் கொஞ்சூண்டு கேக்கறது சோத்தாங்கைப் பக்கம். நீ பீச்சாங்கைப் பக்கத்த நீட்டி வெச்சுக்கீற. இது செத்த காது. செத்த காத நீட்டிகினு எவளாச்சும் நிப்பாளா?"

எதிரே நின்று பார்த்ததைக் கண்ணாடியில் என் கழுத்தில் ஏற்றிக்கொண்டபோது இடம் வலம் மாறிப்போயிருக்கிறது. அவளுடைய வேலையைப் பறித்த பொம்மை அவளாகவே இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான்.

"எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாதுக்கா. சார் கேட்டப்போ... தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"பாத்தேன்." ஒரு கிண்ணத்தை எடுத்துத் தேய்த்தாள். "நீ சொல்லசொல்ல உன் தோளு ரெண்டும் சமமா நின்னுச்சு. அன்னிக்கு ஒரு நாளுதான்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேலைக்கு என்னக்கா பண்றீங்க?"

"நாலு ஊட்ல பாத்திரம். அங்க எவளும் காது கேக்குதான்னு கேக்கறது இல்ல. கூப்டசொல்ல திரும்பலன்னா திமிரு புட்ச்சவன்றாளுங்க. அவ்ளோதான்." நிறுத்தினாள். "அங்க எனுக்கு ஒரு பேரு இருந்துச்சும்மா. ஒருத்தியையும் மாட்டி உட்டதில்ல, தெரியுமா? ஒருத்திய கூட."

தெரியும் என்று தலையாட்டினேன். ஆட்டும்போதே என் கண் அவளுடைய வலது காதின் பின்னால் போயிருந்தது, அங்கே கழுத்து எப்படி இறங்குகிறது, இந்தப் பக்கம் வைத்தால் எந்த நரம்பு முன்னே வரும் என்று. அவள் கண்டுவிட்டாள்.

"அப்டிப் பாக்காத," என்றாள். கோபமில்லை. களைப்பு.

பிறகு பொம்மையை எடுத்து, குழந்தையைக் குளிப்பாட்ட இறக்குவதுபோல், வாளித் தண்ணீருக்குள் நிற்கவைத்தாள். சுடாத மண். நான் கையை நீட்டவில்லை. நீட்ட எனக்கு ஏது உரிமை? கழுத்து வரை தண்ணீர். மண்ணுக்குள் இருந்த காற்றெல்லாம் நூல் நூலாகக் கிளம்பி மேலே வந்தது. முதலில் விரல்கள் உதிர்ந்தன. பிறகு முன்னே வந்த அந்தத் தோள் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. அவள் வாளியின் மேல் குனிந்து குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் வருதா?"

"வருதுக்கா."

"எப்டி வருது?"

காய்ந்த மண் தண்ணீர் குடிக்கிற சத்தத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை. எழுந்தேன். வாளியைச் சுற்றிக்கொண்டு போய் அவளுடைய வலது பக்கம் தரையில் உட்கார்ந்து, காதருகே வாயை வைத்து, பல்லிடுக்கில் காற்றை மெல்ல விட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கத்து," என்றாள்.